லியோன் பேராயர் ஏன் 'கோல் நாடுகளின் முதன்மைப் பேராயர்'?

கேள்வி: பிரான்சின் தலைநகர் பாரிஸ். அப்படியிருக்க, லியோன் பேராயருக்கு மட்டும் 'கோல் நாடுகளின் முதன்மைப் பேராயர்' என்ற பட்டம் எப்படி வந்தது? அந்த உயர்மறைமாவட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? டிசம்பரில் லியோன் போகிறேன். எதை முதலில் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்:

லியோன் மூத்தது. ஒரே வரியில் கேட்டால் அதுதான் பதில். இன்றைய பிரான்சில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கிடைக்கும் முதல் உறுதியான எழுத்துச் சான்று லியோனைப் பற்றியது. அதன் ஆண்டு கி.பி. 177. பாரிஸ் பேராயர் பீடமாக உயர்ந்தது 1622-ல்தான். அதுவரை பாரிஸ் ஆயர் சான்ஸ் நகரப் பேராயரின் கீழ் இருந்தார், சான்ஸ் மேல் முதன்மை உரிமை கொண்டாடியது லியோன். நீங்கள் விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் இது மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ரோமானியர் இன்றைய பிரான்சையும் அதை ஒட்டிய பகுதிகளையும் கோல் என்று அழைத்தார்கள். ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கி.மு. 43-ல் அவர்கள் நிறுவிய ஊர் லுக்துனும், அதாவது இன்றைய லியோன். மூன்று கோல் மாநிலங்களின் பிரதிநிதிகளும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் இங்கே கூடிப் பேரரசருக்கு வழிபாடு செலுத்துவார்கள். ரோன் ஆற்று வழியாக மத்தியதரைக் கடலிலிருந்து சரக்கு வரும். சரக்கோடு சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து, கிரேக்கம் பேசும் மக்களும் வந்து குடியேறினார்கள். லியோனின் முதல் கிறிஸ்தவர்களில் பலர் இப்படி வந்தவர்கள். ஆக, பிரான்சின் மூத்த திருச்சபை வந்தேறிகளின் திருச்சபை.

177-ல், மார்க்கஸ் அவுரேலியுஸ் ஆட்சியில், அவர்கள்மேல் ஊர் மக்களின் கோபம் திரும்பியது. முதலில் குளியல் கூடங்களிலும் சந்தையிலும் தலைகாட்டக் கூடாது என்றார்கள். பிறகு கல்லெறி, கைது, வதை. உயிர் தப்பியவர்கள் நடந்ததையெல்லாம் கிரேக்கத்தில் ஒரு கடிதமாக எழுதி, சின்ன ஆசியாவின் ஆசியா, பிரிகியா பகுதிகளில் இருந்த சபைகளுக்கு அனுப்பினார்கள். வரலாற்றாசிரியர் யூசேபியு அதன் பெரும்பகுதியைத் தம் நூலில் எடுத்து எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவ இலக்கியத்தில் அதற்கு இணையான பக்கங்கள் மிகக் குறைவு என்பேன்.

அதில் ஆயர் போத்தினு வருகிறார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர், மூச்சு வாங்கவே முடியாத நிலை. "கிறிஸ்தவர்களின் கடவுள் யார்?" என்று ஆளுநர் கேட்டபோது, "நீர் தகுதியுள்ளவராக இருந்தால் அறிந்துகொள்வீர்" என்றார். அடித்து இழுத்துப் போய்ச் சிறையில் போட்டார்கள். இரண்டே நாளில் உயிர் போனது. திருத்தொண்டர் சாங்துஸ் இருக்கிறார். பேர் என்ன, ஊர் எது, நீ அடிமையா, சுதந்திர மனிதனா என்று எதைக் கேட்டாலும் லத்தீனில் ஒரே பதில்: "நான் கிறிஸ்தவன்."

ஆனால் அந்தக் கடிதம் கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்ப்பது ஓர் அடிமைப் பெண்ணை. பெயர் பிளாந்தினா. உடல் மெலிந்தவள். அவளுடைய எஜமானியும் கைதானவர்களில் ஒருத்தி. இவள் தாங்குவாளா, பயத்தில் மறுதலித்துவிடுவாளோ என்று அந்த அம்மாள் கவலைப்பட்டாள். காலையிலிருந்து மாலைவரை மாறி மாறி வதைத்தவர்கள்தான் களைத்துப் போனார்கள். "நான் கிறிஸ்தவள், எங்களிடத்தில் தீயது எதுவும் நடப்பதில்லை" என்பதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அரங்கத்தில் ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு விலங்குகளை அவிழ்த்துவிட்டபோது ஒன்றும் அவளைத் தொடவில்லை. கூட இருந்தவர்கள் கண்ணுக்கு அவள் சிலுவையில் தொங்கியவரைப் போலவே தெரிந்தாள் என்று கடிதம் சொல்கிறது. கடைசி நாளில் போந்திக்குஸ் என்ற பதினைந்து வயதுப் பையனைத் தைரியப்படுத்தி முன்னே அனுப்பிவிட்டு, வலையில் கட்டப்பட்டுக் காளையின் முன் எறியப்பட்டுச் செத்தாள். உடல்களை ஆறு நாள் வெளியில் கிடத்திவிட்டு, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். புதைக்க ஒரு பிடி சாம்பல்கூட மிஞ்சக் கூடாது என்பது எண்ணம்.

ரோமானியச் சட்டத்தில் அடிமை ஓர் ஆளாகவே கணக்கில் இல்லை. அப்படிப்பட்டவளை நடுவில் நிறுத்தித்தான் இந்தத் திருச்சபை தன்னைப் பற்றி முதல் முதலாகப் பேசியது. லியோனின் பின்னாள் வரலாற்றை இதை மனதில் வைத்துப் படித்தால் நிறைய விளங்கும்.

போத்தினுவுக்குப் பின் ஆயரானவர் இரேனியு. இவரும் சின்ன ஆசியாவிலிருந்து வந்தவர்தான், ஸ்மிர்னா நகரப் பக்கத்துக்காரர். சிறுவயதில் அந்நகர ஆயர் புனித பொலிக்கார்ப்பு பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர். பொலிக்கார்ப்பு திருத்தூதர் யோவானிடம் கேட்டவர் என்பது மரபு. யோவானுக்கும் லியோனுக்கும் நடுவே ஒரே ஓர் ஆள்தான் என்று பாருங்கள். வதை நடந்த நேரத்தில் இரேனியு சபையின் கடிதத்தோடு ரோமைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, உடைந்துபோன சபையைத் தூக்கி நிறுத்தி, ஏறக்குறைய 180-ல் திரிபுக் கொள்கைகளுக்கு எதிரான ஐந்து பகுதி நூலை எழுதினார். உயிரோடு வாழும் மனிதரே கடவுளின் மாட்சி என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது இந்த நூலின் வரி. கோலின் பூர்வகுடிகளான கெல்ட் மக்கள் நடுவில் வாழ்ந்து அவர்கள் பேச்சையே பேசிப் பழகிவிட்டதால் தம்மிடம் நல்ல நடையை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்னுரையில் கேட்டுக்கொள்கிறார். ஊர் மொழியைக் கற்றுக்கொண்ட வெளியூர் ஆயர்.

உயிர்த்தெழுதல் விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்ற தகராறில் திருத்தந்தை விக்டர் சின்ன ஆசியச் சபைகளை விலக்கிவைக்கப் போனபோது, இரேனியு அவருக்கே கடிதம் எழுதித் தடுத்தார். நோன்பில் நமக்குள்ள வேறுபாடு நம்பிக்கையில் நமக்குள்ள ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்பது அவர் வாதம். 2022 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்கு மறைவல்லுநர் பட்டம் கொடுத்தபோது, ஒற்றுமையின் மறைவல்லுநர் என்றே அறிவித்தார்.

அடுத்த சில நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டலாம். அரசர் சார்லமேன் அனுப்பிய பேராயர் லெய்த்ராத் 800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவில்களையும் பள்ளிகளையும் மறுபடி எழுப்பினார். அவருக்குப் பின் வந்த அகோபார்து ஒரு புதிர். புயலையும் ஆலங்கட்டி மழையையும் மந்திரவாதிகள் ஏவிவிடுகிறார்கள் என்று ஊரே நம்பியபோது அதை மறுத்து எழுதியவர். குற்றவாளி யாரென்று அறியத் தீயிலும் நீரிலும் சோதிக்கும் வழக்கத்தை எதிர்த்தவர். அதே கையால் யூதர்களுக்கு எதிராகவும் கடுமையாக எழுதினார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் லியோன் பெயரைத் தாங்கிய நான்கு மாநிலங்கள் இருந்தன. அவற்றின் தலைமை ஊர்கள் லியோன், ரூவான், தூர், சான்ஸ். 1079-ல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி இந்தப் பழைய வரைபடத்தையே ஆதாரமாக வைத்து, நான்கு மாநிலங்கள் மீதும் லியோன் பேராயருக்கு முதன்மை உரிமை உண்டென்று உறுதிசெய்தார். சான்ஸும் ரூவானும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சு அரசர்களுக்கும் இது பிடிக்கவில்லை. காரணம், அன்றைக்கு லியோன் பிரெஞ்சு நாட்டிலேயே இல்லை! ஜெர்மானியப் பேரரசின் எல்லைக்குள் இருந்தது. 1157-ல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா அங்கே அரசுரிமைகளையே பேராயர் கையில் கொடுத்தார். வரி, நாணயம், நீதிமன்றம் எல்லாம் பேராயருடையது. பேராலயக் குருக்கள் 'லியோன் பிரபுக்கள்' என்று பட்டம் போட்டுக்கொண்டார்கள். நகர மக்கள் இந்த ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்து, பிரெஞ்சு அரசனின் உதவியை நாடினார்கள். 1312-ல் லியோன் பிரான்சோடு சேர்ந்தது. ஆட்சி போனாலும் முதன்மைப் பட்டம் தங்கிவிட்டது. பாரிஸ் பேராயர் தீர்ப்பின்மேல் லியோனுக்கு மேல்முறையீடு செய்யும் வழி புரட்சிக் காலம்வரை இருந்தது. இன்று அது வெறும் மரியாதைப் பட்டம்தான், அதிகாரம் ஏதும் இல்லை.

பேராயர்கள் பிரபுக்களாக வாழ்ந்த அந்தக் காலத்தில்தான் வால்தோ என்ற பணக்கார வணிகர், 1170-களில், சொத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுத் தெருவில் நற்செய்தி அறிவிக்கக் கிளம்பினார். நற்செய்தியை மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கவும் ஏற்பாடு செய்தார். 'லியோனின் ஏழைகள்' என்று அவரைப் பின்பற்றியவர்களுக்குப் பெயர். பொதுநிலையினர் போதிக்கக் கூடாது என்று பேராயர் தடுத்தார். கேட்காததால் ஊரைவிட்டுத் துரத்தினார். 1184-ல் ரோமையும் அவர்களைக் கண்டித்தது. முப்பது வருடம் கழித்து இதே மாதிரி வாழ்க்கையோடு வந்த அசிசி பிரான்சிஸைத் திருச்சபை தன்னோடு வைத்துக்கொண்டது. லியோன் அன்று ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த மரபினர் இத்தாலியில் இன்றும் இருக்கிறார்கள். 2015-ல் டூரின் நகரில் அவர்கள் ஆலயத்துக்கே போய்த் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார்.

திருச்சபை முழுவதன் ஆயர்களும் கூடும் பொதுச்சங்கங்கள் இரண்டு இங்கே நடந்தன. 1245-ல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கைப் பதவியிறக்கினார். 1274-ல் நடந்தது கிழக்கு, மேற்குத் திருச்சபைகளைச் சேர்க்க முயன்ற சங்கம். அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. அதற்குப் புறப்பட்ட இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் வழியிலேயே இறந்தார், இன்னோர் இறையியல் அறிஞரான பொனவெந்தூர் சங்கம் நடக்கும்போதே லியோனில் இறந்தார். கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டித் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு விதிகள் எழுதப்பட்டதும் இந்தச் சங்கத்தில்தான். 1562-ல் புராட்டஸ்டண்ட் படை நகரைப் பிடித்துப் பேராலய முகப்புச் சிற்பங்களை உடைத்தது. பத்து வருடம் கழித்து, 1572-ல், கத்தோலிக்கர்கள் நகரின் புராட்டஸ்டண்டுகளைச் சிறைகளில் புகுந்து கொன்றார்கள். உடைந்த சிற்பங்களைக் காட்டும் வழிகாட்டிகள் இந்தக் கொலைகளையும் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியில் பேராயர் மார்பெஃப் வெளிநாடு போய்விட்டார். அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த ஆயர் லமுரேத் கில்லட்டினில் தலையை இழந்தார். மேய்ப்பர் இல்லாத அந்த வருடங்களில் மறைமாவட்டத்தைக் காப்பாற்றியது லென்சோலா என்ற குரு ஊருக்கு ஊர் அமைத்த தலைமறைவு அமைப்பு. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொதுநிலைத் தலைவர், சிலுவை அடையாளம் முதல் சொல்லிக்கொடுக்க ஒரு மறைக்கல்வி ஆசிரியர், இரவில் வந்து போகும் குருவை ஒளித்து வைக்க ஒரு வீடு. பிறகு 1802-ல் நெப்போலியனின் தாய்மாமன் கர்தினால் ஃபெஷ் பேராயரானார். மருமகன் வீழ்ந்ததும் ரோமைக்கு ஓடியவர், பதவியை மட்டும் விடாமல் 1839-ல் சாகும்வரை லியோன் பேராயராகவே இருந்தார்.

பேராயர் ஊரிலேயே இல்லாத அந்தக் காலத்தில்தான் லியோன் உலகத் திருச்சபைக்கே கைகொடுத்தது. பட்டு நெசவு ஊரின் தொழில். பட்டுத் தொழில் குடும்பத்தில் 1799-ல் பிறந்த பவுலின் ஜாரிக்கோ என்ற பெண், வேலைக்காரப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். ஆளுக்கு வாரம் ஒரு சூ, அதாவது மிகச் சின்னச் செப்புக்காசு. பத்துப் பேர் காசை ஒருவர் வாங்குவார், அப்படிப் பத்துக் குழுவின் காசு நூறு பேருக்கான தலைவியிடம் போகும், அங்கிருந்து ஆயிரம் பேருக்கான தலைவியிடம். 1822 மே 3-ல் இது விசுவாசப் பரப்புதல் சங்கமாக லியோனில் நிறுவப்பட்டது. எந்த ஒரு நாட்டுக்கும் என்றில்லாமல் எல்லா மிஷன்களுக்கும் என்பது அதன் விதி. புதுச்சேரி, மதுரை மிஷன்களுக்கும் இந்தப் பணம் வந்தது. அங்கிருந்து குருக்கள் எழுதிய கடிதங்கள் சங்கத்தின் இதழில் அச்சாயின. அக்டோபரில் நம் பங்குகளில் மறைபரப்பு ஞாயிறு காணிக்கைக்குக் கவர் கொடுப்பார்களே, அதன் வேர் இந்த ஒரு சூதான். தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஓர் ஆலை முயற்சியில் ஏமாற்றப்பட்டு எல்லாப் பணத்தையும் இழந்த ஜாரிக்கோ, 1862-ல் பரம ஏழையாக இறந்தார். 2022 மே 22-ல் லியோனில் அவரை அருளாளராக உயர்த்தினார்கள்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இன்னொரு பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1842-ல் புதுச்சேரிக்கு வந்து குருமடத்தில் கற்பித்தவர். பிறகு கோயம்புத்தூர் மிஷனுக்கு ஆயரானவர். உள்ளூர்க் குருக்களை உருவாக்கி அவர்கள் கையில் திருச்சபையை ஒப்படைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எந்த அளவு ஏற்பது என்ற சிக்கல் அவர் மனசாட்சியை அழுத்தியது. பதவி விலகிப் பிரான்சுக்குத் திரும்பி, 1856 டிசம்பர் 8-ல் லியோனின் ஃபுர்வியேர் குன்றில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனில் இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதே ஃபுர்வியேர் குன்றுதான் உங்கள் டிசம்பர் பயணத்துக்கும் காரணம் என்று நினைக்கிறேன். அங்குள்ள கோவில் கோபுரத்தின் மேல் பொன்பூசிய மாதா சுரூபம் வைக்க 1852-ல் செப்டம்பர் 8-ஐக் குறித்திருந்தார்கள். சோன் ஆற்றில் வெள்ளம் வந்து பட்டறை மூழ்கியதால் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் மழை. வாணவேடிக்கையை ரத்துசெய்துவிட்டார்கள். சாயங்காலம் வானம் வெளுத்தது. யாரும் சொல்லாமலே ஒவ்வொரு வீட்டு ஜன்னல் விளிம்பிலும் மெழுகுவத்தி எரிந்தது. நம் கார்த்திகைத் தீபம் போல வரிசை வரிசையாக. இன்று நகராட்சி நடத்தும் பெரிய ஒளி விழாவுக்கு அதுதான் தொடக்கம். சுரூபத்தைச் செய்த ஃபபிஷ்தான் பின்னாளில் லூர்து குகைக்கும் மாதா சுரூபம் செய்தவர். நம் ஊர்க் கெபிகளில் பார்க்கும் லூர்து மாதாவின் மூல வடிவம் அவருடையது. பக்கத்தில் நிற்கும் பெரிய வெள்ளைப் பேராலயம் பிற்காலத்தது. 1870-ல் பிரஷ்யப் படை லியோனுக்குள் வராவிட்டால் கட்டுகிறோம் என்ற நேர்ச்சைக்காக எழுப்பி, 1896-ல் அர்ச்சித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கர்தினால் ஜெர்லியேவைத் தவிர்க்க முடியாது. 1940-ல் "பெத்தேன்தான் பிரான்ஸ், இன்றைய பிரான்ஸ் பெத்தேன்தான்" என்று ஜெர்மனியோடு ஒத்துப்போன ஆட்சியாளரைப் புகழ்ந்தவர் அவர். 1942 ஆகஸ்ட் இறுதியில் லியோன் அருகே வெனிசியு முகாமில் யூதக் குடும்பங்களை நாடுகடத்தக் கூட்டியிருந்தார்கள். இயேசு சபையின் ஷாயே அடிகளும் அவரோடு சேர்ந்த கத்தோலிக்கர்கள், புராட்டஸ்டண்டுகள், யூதர்களும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று அதிகாரி மிரட்டியபோது ஜெர்லியே கொடுக்கவில்லை. செப்டம்பரில் கோவில்களில் அவருடைய கண்டனக் கடிதம் வாசிக்கப்பட்டது. இரண்டு ஜெர்லியேக்களும் ஒரே ஆள்தான். யூதர்களைக் கொன்ற குற்றத்துக்காகத் தேடப்பட்ட துவியே என்பவனைப் பல ஆண்டுகள் சில குருக்களும் மடங்களும் ஒளித்து வைத்தது 1989-ல் வெளியே வந்தபோது, கர்தினால் தெகூர்த்ரே மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தை வரலாற்றாசிரியர்களுக்குத் திறந்துவிட்டார். பிரெஞ்சுத் திருச்சபையில் அதுவரை யாரும் செய்யாதது.

இதைச் சொன்ன பிறகு சமீப காலத்தை மறைக்க முடியாது. சாரணர் குழுவை நடத்திய பிரெனா என்ற குரு, 1970-களிலும் 80-களிலும் சிறுவர்கள் பலரைச் சீரழித்தவர். வளர்ந்து பெரியவர்களான அந்தச் சிறுவர்கள் 2015-ல் சங்கம் அமைத்து வெளிப்படையாகப் பேசினார்கள். புகார் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்று கர்தினால் பார்பரேனுக்கு 2019 மார்ச்சில் ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. 2020 ஜனவரியில் மேல்முறையீட்டில் விடுதலையானார். மார்ச்சில் அவருடைய பதவி விலகலைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டார். அதே மாதம் பிரெனாவுக்கு ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை. பிரெஞ்சு ஆயர்கள் பேரவை சுதந்திரமான விசாரணைக் குழுவை அமைத்ததற்கு லியோனில் வாய் திறந்தவர்களின் துணிவு பெரிய காரணம். எனக்கு அவர்கள்மேல் ஆழ்ந்த மரியாதை உண்டு. 2020 டிசம்பர் முதல் ஒலிவியே தெ ஜெர்மே பேராயராக இருக்கிறார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. விழாக் கூட்டம் சேர்வதற்கு முன், காலையிலேயே, குருவா ரூஸ் சரிவில் இருக்கும் மூன்று கோல்களின் வட்ட அரங்குக்குப் போங்கள். தெர்ரோ சதுக்கத்திலிருந்து மேடேறி நடந்தால் பக்கம்தான். கி.பி. 19-ல் கட்டியது என்று அங்கே 1958-ல் கிடைத்த கல்வெட்டிலிருந்து தெரிகிறது. பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பாதி அரங்கத்துக்கு மேல் பின்னாளில் சாலையும் வீடுகளும் வந்துவிட்டன. 1986 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மற்றச் சபைத் தலைவர்களோடு இங்கே நின்று செபித்தார். இடிந்த கற்படிகளுக்கு நடுவே மண்தரையில் ஒரே ஒரு கம்பம் நட்டிருக்கும். பிளாந்தினாவுக்காக நட்டது.